எண் ஒன்றுதான், எண்ணெய் வேறு

பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், பினாங்குப் பதிவெண் கொண்ட கார்கள் தாய்லாந்தின் ஹாட்யாய் பக்கம் வரிசை கட்டிவிடும். ஜோர்ஜ் டவுனிலிருந்து பாலம் கடந்து, அலோர் ஸ்டார், ஜித்ரா வழியாக புக்கிட் காயு ஹீத்தாம் எல்லையில் கடப்பிதழுக்கு முத்திரை வாங்கிவிட்டால், அப்புறம் ஒரு மணி நேர ஓட்டம்தான். அந்த வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். குடும்ப வண்டிகளுக்கு நடுவே, தாழ்ந்து அகன்று, பளபளவென்று துடைத்து வைத்த பழைய வேகக் கார்களும் தென்படும். புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, விடெக் இயந்திரம் கொண்ட ஹோண்டா சிவிக், டர்போ பூட்டிய மிட்சுபிஷி எவோ. இருபது முப்பது வயதான இந்த வண்டிகளைப் பிள்ளையைப் போல் பார்த்துக்கொள்கிறவர்கள் நம்மில் நிறைய பேர்.

எல்லை தாண்டி எண்ணெய் நிலையத்துக்குள் நுழைந்ததும் குழப்பம் ஆரம்பிக்கும். நம் ஊரில் ரோன் 95, ரோன் 97, சில நிலையங்களில் ரோன் 100, அவ்வளவுதான். அங்கே காசோஹால் 91, காசோஹால் 95, இ20, சில இடங்களில் இ85, இவற்றோடு விலை கூடிய பென்சின் 95. காசோஹால் என்பது எத்தனால் என்னும் எரிசாராயம் கலந்த பெட்ரோல். பெயருக்குப் பின்னால் வேறு குறிப்பில்லாவிட்டால் பத்து விழுக்காடு. அதைத்தான் இ10 என்கிறார்கள். இ20 என்றால் இருபது. மன்னர் பூமிபோல் 1985-இல் அரண்மனை வளாகத்தில் தொடங்கிவைத்த ஆய்வு, மரவள்ளியும் கரும்பாலைக் கழிவுப் பாகும் ஏராளமாகக் கிடைக்கும் அந்த நாட்டில் தேசியக் கொள்கையாகவே வளர்ந்துவிட்டது. 2013 ஜனவரியிலிருந்து கலப்பில்லாத 91 அங்கே விற்பனையில் இல்லை.

மலேசியாவில் நாம் இதற்குப் பழக்கப்படவில்லை. நம்மிடம் இருப்பது செம்பனை. அதன் எண்ணெயிலிருந்து செய்த எரிபொருள் டீசலில் கலக்கிறது. 2019-இல் பத்து விழுக்காடு, 2020-இல் லங்காவியிலிருந்து தொடங்கி இருபது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயம் இங்கே வரவில்லை. அதனால்தான் எல்லை தாண்டிய நம் ஆள் குழாயில் 95 என்ற எண்ணைப் பார்க்கிறார், வழக்கமாகப் போடும் 95 நினைவுக்கு வருகிறது, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விக்குப் பட்டறைகளில் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், பந்தயக் கார்களே அதில்தான் ஓடுகின்றன, ஆகவே வேக வண்டிக்கு நல்லது என்பது ஒன்று. சாராயம் ரப்பரைத் தின்றுவிடும், பழைய வண்டியில் ஒரு சொட்டும் ஆகாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் முதலாவது சிலிண்டருக்கு உள்ளே நடப்பதைப் பேசுகிறது, இரண்டாவது சிலிண்டருக்கு வெளியே நடப்பதை. குழாயில் எழுதியிருக்கும் எண் உள்ளே நடப்பதில் ஒன்றை மட்டும் சொல்லும். பழைய வண்டிக்கு ஆபத்து பெரும்பாலும் அந்த எண் சொல்லாத இடங்களில்தான்.

முதலில் உள்ளே போவோம். பிஸ்டன் மேலே ஏறி, காற்றும் பெட்ரோலும் கலந்த ஆவியை அழுத்துகிறது. பிளக் தீப்பொறி விடுகிறது. அங்கிருந்து தீ படர்ந்து அறையின் மறுகோடி வரை ஒழுங்காகப் போக வேண்டும். ஒரு முனையில் பற்றவைத்த சரவெடி வரிசையாக வெடித்துக்கொண்டே போவதைப் போல. சில சமயம், தீ வந்து சேரும் முன்பே மறுகோடியில் உள்ள ஆவி, அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. சரத்தின் கடைசிக் கட்டு முழுவதும் ஒரே நேரத்தில் வெடித்தால் எப்படி இருக்கும்? அந்த அதிர்ச்சி உலோகத்தில் மோதும் சத்தத்தைத்தான் மெக்கானிக்குகள் நாக்கிங் என்கிறார்கள். தமிழில் தன்னெரிவு எனலாம். தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் விளிம்பு அரித்து, கடைசியில் உடையும். ஆவியை அதிகமாக அழுத்தும் இயந்திரத்துக்கும், டர்போ வைத்துக் காற்றைத் திணிக்கும் இயந்திரத்துக்கும் இந்த ஆபத்து கூடுதல். வேகக் கார்கள் எல்லாமே இந்த இரண்டு வகைக்குள் வந்துவிடும்.

தன்னெரிவைத் தாங்கும் திறனை எப்படி அளப்பது? 1926-இல் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஒரு வழி சொன்னார். எளிதில் தன்னெரியும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0. லேசில் தன்னெரியாத ஐசோ ஆக்டேனுக்கு 100. இரண்டையும் வெவ்வேறு அளவில் கலந்தால் ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். அடுத்த சில ஆண்டுகளில் இதற்கென்றே ஒற்றைச் சிலிண்டர் இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அழுத்த விகிதத்தை ஏற்றி இறக்கலாம். நிமிடத்துக்கு 600 சுற்று வேகத்தில் ஓடவிட்டு, சோதிக்க வேண்டிய பெட்ரோல் எந்த அளவுக்குத் தட்டுகிறதோ, அதே அளவுக்குத் தட்டும் கலவையைத் தேடுகிறார்கள். அது 95 பங்கு ஐசோ ஆக்டேன் கொண்ட கலவை என்றால் அந்தப் பெட்ரோல் ரோன் 95. அந்த வகை இயந்திரம் இன்றும் சுத்திகரிப்பு ஆலைகளின் சோதனைக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே 95 என்பது ஒரு நடத்தைச் சான்றிதழ். உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் அதில் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரிட்டன் 2021 செப்டம்பரில் தன் சாதாரணப் பெட்ரோலை இ10 ஆக்கியபோது, பழைய கார்களுக்காக எத்தனால் ஐந்து விழுக்காட்டைத் தாண்டாத வகையை, விலை கூடிய ரோன் 97 சூப்பர் குழாயில் வைத்தது. இந்தியாவில் இந்தியன் ஆயில் விற்கும் எக்ஸ்பி100 எத்தனால் கலக்காதது. நாடெங்கும் இ20 வந்தபிறகு சென்னையிலும் கோவையிலும் பழைய வண்டிக்காரர்கள் அதைத் தேடிப் போகிறார்கள். தாய்லாந்திலோ ஒரே 95 என்ற எண்ணில் கலப்புள்ளதும் கலப்பில்லாததும் பக்கத்துப் பக்கத்துக் குழாயில் நிற்கின்றன. எண்ணை வைத்து எத்தனாலின் அளவைக் கண்டுபிடிக்கவே முடியாது.

சிலிண்டருக்குள் எத்தனாலின் குணம் நல்ல குணம். அதன் ரோன் 108 அளவில் இருக்கும். கூடவே அது ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை நிறைய இழுத்துக்கொள்ளும். எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல். கைகளில் கிருமிநாசினி தேய்த்ததும் சில்லென்று இருப்பது இதனால்தான். சிலிண்டருக்குள் போகும் காற்று குளிர்ந்தால் தன்னெரிவு தள்ளிப்போகிறது. ஆஸ்திரேலியாவின் வி8 சூப்பர்கார்ஸ் பந்தயம் 2009-இல் இ85-க்கு மாறியபோது கார்கள் மெதுவாகிவிடவில்லை. 1989-இல் வந்த ஹோண்டா பி16ஏ போன்ற இயந்திரங்கள் 1.6 லிட்டரில் 160 குதிரைத்திறன் தந்தவை. ஜப்பானில் விற்கும் ரோன் 100 அளவுப் பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்தவை. அவற்றின் எரிப்பறைக்கு எத்தனால் பகை கிடையாது.

ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். காசோஹால் 95 என்பது நம் ஊர் 95-இன் மேல் எத்தனாலை ஊற்றியது என்று நினைத்துவிடக் கூடாது. ஆக்டேன் குறைந்த பெட்ரோலை எடுத்து, எத்தனாலால் 95-க்கு உயர்த்துகிறார்கள். எத்தனால் எந்தக் காரணத்தாலாவது பிரிந்து போனால், மிஞ்சுவது 95 ஆக இருக்காது.

அடுத்தது காற்றுக் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் தன் மூலக்கூற்றிலேயே ஆக்சிஜனை வைத்திருப்பதால் அதற்கு 9 கிலோ போதும். பெட்ரோலுக்கென்று அளந்து வைத்த வண்டியில் எத்தனால் கலப்பைப் போட்டால், அதே அளவு எரிபொருள் போகும், ஆனால் கலவையில் காற்று மிஞ்சும். பட்டறை மொழியில், லீன் ஆகிவிடும். இ10-இல் இந்த வித்தியாசம் 3 முதல் 4 விழுக்காடு, இ20-இல் 7 விழுக்காட்டு அளவில்.

தொண்ணூறுகளின் கார்களில் புகைக்குழாயில் ஓர் ஆக்சிஜன் சென்சார் உண்டு. சாதாரணமாக ஓட்டும்போது அது மிஞ்சிய ஆக்சிஜனை முகர்ந்து கணினிக்குச் சொல்ல, கணினி எரிபொருளைக் கூட்டிச் சரிசெய்துவிடும். ஆனால் மிதியை முழுவதும் அழுத்தினால், பல பழைய வண்டிகளின் கணினி சென்சாரைக் கேட்பதை நிறுத்திவிட்டு, ஆலையில் எழுதிவைத்த அட்டவணைப்படி எரிபொருளை விடும். அந்த நேரத்தில் கலவை லீன் ஆனதைத் திருத்த ஆளில்லை. வேக வண்டி வைத்திருப்பவர் மிதியை முழுவதும் அழுத்தத்தானே வைத்திருக்கிறார்! ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டியில் அட்டவணை தாராளமாக எழுதப்பட்டிருக்கும். இ10-இன் சிறு குறையைத் தாங்கும். டர்போ அழுத்தத்தைக் கூட்டி, கணினி அட்டவணையை விளிம்பு வரை இழுத்து வைத்த எவோவில் இ20 ஊற்றி முழு மிதியில் ஓட்டினால், பிஸ்டனும் புகை வால்வும் அளவுக்கு மீறிச் சூடேறும். என் கருத்தில், வேகக் கார்களுக்கு எத்தனாலின் முதன்மையான ஆபத்து இதுதான். ரப்பரைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கார்புரேட்டர் வண்டிகளுக்குச் சென்சாரே கிடையாது, எப்போதும் லீன்தான். அதோடு பத்து விழுக்காட்டு எத்தனால் பெட்ரோலை இன்னும் எளிதில் ஆவியாக்கிவிடுவதால், நம் ஊர் வெயிலில், நெரிசலில் நிற்கும்போது குழாயிலேயே ஆவிக் குமிழ் அடைத்து வண்டி நின்றுபோகும் வாய்ப்பு கூடும்.

எண்ணெய்ச் செலவும் கூடும். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. இந்தியாவின் நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே, இ20 போட்டால் பழைய வடிவமைப்பு கொண்ட நான்கு சக்கர வண்டிகளில் 6 முதல் 7 விழுக்காடு வரை எரிபொருள் சிக்கனம் குறையும் என்று கணித்தது. இதை மறைக்காமல் சொன்னதை நான் மதிக்கிறேன்.

இனி வெளியே வருவோம். உங்கள் வண்டியின் பானட்டைத் திறந்து, எண்ணெய் வடிகட்டியிலிருந்து இன்ஜெக்டர் வரிசைக்குப் போகும் ரப்பர் ஹோஸைத் தேடுங்கள். கிளிப் கவ்வியிருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் விரலால் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேல்தோலில் நரை விழுந்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் வரிசையாகத் தெரிந்தால் அது வண்டியோடு பிறந்த ஹோஸாக இருக்கும். கிளிப்புக்கு இரு பக்கமும் உப்பி, நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து மெதுவாக எழும்பினால், ரப்பர் எரிபொருளைக் குடித்து ஊதியிருக்கிறது. இரண்டில் எது இருந்தாலும் அந்தக் குழாய் கொதிக்கிற புகைக்குழாய்க்கு அருகில் அழுத்தத்தோடு பெட்ரோலைச் சுமந்து போகிறது என்பதை மறக்க வேண்டாம். எத்தனால் வந்தாலும் வராவிட்டாலும் அதை இன்றே மாற்ற வேண்டும்.

ரப்பரில் பல சாதி. பழைய நைட்ரைல் ரப்பர் பெட்ரோலைத் தாங்கும். எத்தனால் கலந்ததும் கூடுதலாக ஊதி, வலுவிழக்கும். தக்கைக் கேஸ்கட்டும் சில பாலியூரித்தேன் பாகங்களும் அப்படியே. ஃபுளூரின் கலந்த வைட்டான் வகை தாங்கிக்கொள்ளும். உலோகங்களில், ஈயமும் வெள்ளீயமும் பூசிய பழைய எண்ணெய்த் தொட்டியும், துத்தநாகக் கலப்பு கார்புரேட்டர் உடலும் அரித்துப்போகும். போதாததற்கு எத்தனால் நல்ல கரைப்பான். இருபது வருடமாகத் தொட்டியின் அடியில் படிந்த பிசினைக் கிளப்பிவிடும். அது வடிகட்டியில் போய் அடைக்கும்.

இவையெல்லாம் எப்படித் தெரியும்? சோதனைக்கூடத்தில் ரப்பர்த் துண்டுகளையும் உலோகத் தகடுகளையும் பல விகிதக் கலப்புகளில் வாரக்கணக்கில் ஊறவைத்து, எடை, கடினம், நீளும் தன்மை எல்லாவற்றையும் முன்னும் பின்னும் அளக்கிறார்கள். முழு வண்டியையும் ஓட்டிப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஆஸ்திரேலிய அரசுக்காக ஆர்பிட்டல் என்ற பொறியியல் நிறுவனம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இ20 போட்டுப் பழைய கார்களையும் அப்போதைய புதுக் கார்களையும் சோதித்தது. 80,000 கிலோமீட்டர் தூரம் ஓட்டிய சோதனைகளும் அதில் அடங்கும். கலவை லீன் ஆவது, எரிபொருள் பாகங்களில் அரிப்பு, ரப்பரில் வீக்கம் எல்லாம் அங்கே பதிவாயின. 2003-இல் ஆஸ்திரேலியா பெட்ரோலில் எத்தனாலுக்குப் பத்து விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தது. அமெரிக்காவில் பதினைந்து விழுக்காட்டுக் கலப்பை 2001 முதலான மாடல் கார்களுக்கு மட்டுமே அனுமதித்தார்கள். இந்த இரண்டு நாடுகளும் தனித்தனியாகச் சோதித்தும், பழைய வண்டிக்கான கோடு பத்து விழுக்காட்டை ஒட்டியே விழுகிறது. எனக்கு நம்பிக்கை தருவது இந்த ஒற்றுமை.

இன்னொரு சோதனையை நீங்களே செய்யலாம். திறந்த வெளியில், அடுப்பும் சிகரெட்டும் அருகில் இல்லாத இடத்தில். அளவுக் கோடு போட்ட, மூடியுள்ள கண்ணாடிக் குடுவையில் 10 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, 100 கோடு வரை பெட்ரோலை நிரப்பி, மூடிக் குலுக்கி, சற்று நேரம் வையுங்கள். பெட்ரோல் மேலே நிற்க, தண்ணீர் அடியில் இறங்கும். நம் ஊர்ப் பெட்ரோல் என்றால் தண்ணீரின் மட்டம் 10-லேயே நிற்க வேண்டும். இ10 என்றால் அது 18, 19-க்கு ஏறிவிடும். தண்ணீர் பெருகியதாகத் தோன்றும்; உண்மையில் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்துகொண்டது.

இதே பிரிவு தொட்டிக்குள்ளும் நடக்கக்கூடும். இ10 தன் கொள்ளளவில் அரை விழுக்காடு தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஐம்பது லிட்டர் தொட்டிக்குக் கால் லிட்டர். அதைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். எண்ணெய்ப் பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மேலே நிற்பது ஆக்டேன் குறைந்த மிச்சம். ஈரக் காற்று மட்டுமே கால் லிட்டர் தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்க வெகுகாலம் பிடிக்கும், அதனால் வாரந்தோறும் ஓடும் வண்டிக்காரர் அஞ்ச வேண்டாம். மூடியின் ரப்பர் வளையம் செத்துப்போய், மழையில் வெளியே நிற்கும் வண்டி, மாதக்கணக்கில் உறைபோட்டு மூடி வைத்த வண்டி, இவைதான் மாட்டிக்கொள்ளும். வருடத்துக்குச் சில தடவை மட்டும் வெளியே எடுக்கும் காரில் எத்தனால் கலப்பை விட்டுவைக்கவே கூடாது.

ஹாட்யாய் போகிறவர் என்ன செய்யலாம்? எல்லைக்கு முன் சாங்லூனிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டால், போய்த் திரும்பத் தாய்லாந்துக்குள் ஓடும் தூரம் ஊர் சுற்றுவதையும் சேர்த்து 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். பெரும்பாலான கார்களுக்கு அது அரைத் தொட்டி. கார்புரேட்டர் வண்டிக்காரருக்கும், கணினி அட்டவணையை மாற்றியவருக்கும் இதைத்தான் சொல்வேன். அதையும் தாண்டிப் போகிறவர்கள் எத்தனால் கலக்காத பென்சின் 95 குழாயைத் தேடலாம், விலை கூடுதல்தான். தொண்ணூறுகளின் இன்ஜெக்ஷன் வண்டி, ஆலை அமைப்பு மாறாதது, ஹோஸ்கள் புதியவை என்றால் காசோஹால் 95 ஒரு தொட்டி போட்டு ஓட்டி, ஊர் திரும்பியதும் வடிகட்டியை மாற்றினால் போதும். கண்டிப்பாக இ20 வேண்டாம்.

புது ஹோஸ் வாங்கும்போது பக்கவாட்டில் அச்சிட்ட எழுத்தைப் படியுங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்றிருந்தால் உட்புறம் எத்தனாலைத் தாங்கும் ரப்பர், இன்ஜெக்ஷன் அழுத்தத்தையும் தாங்கும். ஆர்7 என்றிருந்தால் அது குறைந்த அழுத்தத்துக்கு. இன்ஜெக்ஷன் வண்டியில் பூட்டக்கூடாது.

குழாய் மாறி இ20 போட்டுவிட்டால் பதற வேண்டியதில்லை. தொட்டியில் ஏற்கெனவே பாதி நம் ஊர்ப் பெட்ரோல் இருந்தால் கலந்தபின் அது இ10 ஆகிவிடுகிறது. மிதியை அழுத்தாமல், டர்போவைக் கிளப்பாமல் நிதானமாக ஓட்டித் திரும்பி, எல்லை தாண்டியதும் முழுவதும் நிரப்புங்கள். இ85 போட்டுவிட்டால் மட்டும் சாவியைத் திருப்பாதீர்கள். வண்டியைத் தள்ளி ஓரம் நிறுத்தி, தொட்டியைக் காலி செய்யச் சொல்லுங்கள்.